எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் ஐபி வருகிறது: பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் அருகே ஒரு புறநகரில் வசிக்கிறோம். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்), உலகளாவிய பார்வை கொண்ட கல்வி என்று சொல்லி ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற பன்னாட்டுக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவரப் போகிறது. மகன் இரண்டாம் வகுப்பு. அவன் படிக்கும் எலிமெண்டரி பள்ளியில் அடுத்த ஆண்டே தொடங்குகிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு. கணக்கு நன்றாக வரும், அல்ஜீப்ரா 1 இந்த ஆண்டே முடிக்கிறாள். அவள் போகப்போகும் ஹைஸ்கூலில் ஐபி டிப்ளமா வரும் என்கிறார்கள். "கணக்கில் பின்தங்கிவிடுவார்கள், ஏபி (ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் தனித்தனிப் பாடம் படிக்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) போதும்" என்கிறார் கணவர். ஐபி எடுத்தால் கிளாஸ் ரேங்க் அடிபடும் என்கிறார்கள் நண்பர்கள். டிஸ்ட்ரிக்ட்டின் போர்டு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது வெளிநாட்டு அரசியலைப் பிள்ளைகள் தலையில் ஏற்றும் வேலை என்று சத்தம் போட்டார். விசா நிலைமையைப் பொறுத்து நாங்கள் இந்தியா திரும்பவும் நேரலாம். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது. மகனைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மகள் விஷயத்தில்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐபி நல்லதா, ஏபி நல்லதா என்று வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் வாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்ட் இதை எப்படி நடத்தப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பிள்ளைகளுக்கு நல்லதும் கெட்டதும் அமையும். ஐபி எந்தப் பள்ளிக்கும் தயார் பாடப்புத்தகம் அனுப்புவதில்லை. ஒரு சட்டகத்தைத் தருகிறது, மதிப்பிடும் முறையைத் தருகிறது, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வெளித்தேர்வும் வைக்கிறது. அந்தச் சட்டகத்துக்குள் பாடத்தைக் கட்டுவது உங்கள் பள்ளி ஆசிரியர்தான். அவருக்குப் பயிற்சியும் நேரமும் கிடைத்தால் வகுப்பு அருமையாக இருக்கும். கிடைக்காவிட்டால் சுவரில் ஒட்டிய போஸ்டரோடு நின்றுவிடும்.

போர்டு கூட்டத்தில் சத்தம் போட்டவரின் சந்தேகத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஐபி 1968-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அமைப்பு. பெற்றோரின் வேலை காரணமாக நாடு நாடாக மாறும் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேர ஒரு பொதுவான பள்ளி இறுதித் தேர்வு வேண்டும் என்பதே அன்றைய தேவை. ஐ.நா. சபையின் கிளை என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை. உலகிலேயே அதிக ஐபி பள்ளிகள் இருப்பது அமெரிக்காவில்தான், அவற்றிலும் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். டெக்சஸ் பள்ளி ஐபி எடுத்தாலும் டீக்ஸ் என்று நீங்கள் கேள்விப்படும் மாநிலப் பாட வரையறை அப்படியே இருக்கும். நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் டெக்சஸ் வரலாறு நடக்கும், மாநிலத் தேர்வும் நடக்கும். ஆகவே அரசியல் பயம் வேண்டாம். அவர் போன்றவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி, "இதற்கு எவ்வளவு செலவு, யார் தருகிறார்கள்?" என்பது. அது நியாயமான கேள்வி. கீழே அதற்கு வருகிறேன்.

மகனுக்கு வரப்போவது பி.ஒய்.பி எனப்படும் ஆரம்பநிலைத் திட்டம். 3 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆண்டு முழுக்க ஆறு பெரிய கருப்பொருள்களைச் சுற்றிப் பாடங்களைக் கோர்ப்பார்கள். நாம் யார், உலகம் எப்படி இயங்குகிறது, பூமியைப் பகிர்ந்து வாழ்வது என்று போகும் அவை. தண்ணீர் என்று ஒரு யூனிட் வந்தால், அதில் அறிவியலும் வரும், ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற சமூகப் பாடமும் வரும், அளவைகளும் வரைபடமும் வரும், கடைசியில் பிள்ளை ஏதாவது எழுதியோ செய்தோ காட்டுவான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே நல்ல கல்வி. கேள்வி கேட்கவும், கேட்ட கேள்விக்குத் தானே தேடிப் பதில் சொல்லவும் பழகுவான்.

உங்கள் கணவரின் கவலை இந்த இடத்தில்தான் அர்த்தமுள்ளதாகிறது. கணக்கின் எல்லாப் பகுதிகளும் கருப்பொருளுக்குள் இயல்பாக அடங்காது. வாய்ப்பாடு தண்ணீர் யூனிட்டுக்குள் தானாக வந்து உட்காராது. நல்ல பி.ஒய்.பி பள்ளிகள் இதை அறிந்தே, கருப்பொருளோடு சேரும் கணக்கை அங்கே சேர்த்து, மற்றதைத் தனிப் பாடவேளையில் நடத்துகின்றன. டெக்சஸில் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பத்துப் பத்து வரை பெருக்கல் தயங்காமல் வர வேண்டும் என்பது மாநில வரையறையிலேயே இருக்கிறது. மாநிலத் தேர்வு தொடங்குவதும் மூன்றாம் வகுப்பில்தான். அதனால் அடுத்த ஆண்டு ஆசிரியரைச் சந்திக்கும்போது ஒன்றை நேராகக் கேளுங்கள்: ஒரு நாளைக்குக் கணக்குக்கென்று தனியாக எவ்வளவு நேரம்? அவர் தெளிவாக ஒரு நேரம் சொன்னால் நிம்மதியாக இருங்கள். "எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால், வீட்டில் தினமும் பத்து நிமிடம் வாய்ப்பாடு சொல்ல வையுங்கள். அதற்காக அவனை டியூஷன் சென்டருக்கு அலைக்கழிக்க வேண்டாம். மாலை முழுக்க ஒர்க்‌ஷீட் போட்டுக் களைத்த பிள்ளைக்கு மறுநாள் கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது.

இனி மகள்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் நடக்கும் டிப்ளமா திட்டத்தில் மாணவர் ஆறு பாடங்கள் எடுக்க வேண்டும். தாய்மொழி அளவிலான மொழி இலக்கியம், இரண்டாம் மொழி, வரலாறு அல்லது பொருளாதாரம் போன்ற ஒரு சமூகப் பாடம், அறிவியல், கணிதம், கலை. கலை வேண்டாமென்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியலோ சமூகப் பாடமோ எடுக்கலாம். மூன்று பாடங்கள் ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். முன்னதற்கு 240 மணி நேரம், பின்னதற்கு 150 மணி நேரம் என்பது ஐபி சொல்லும் அளவு. ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. இதோடு அறிவுக் கோட்பாடு என்று ஒரு பாடம், 4,000 சொற்கள் வரை போகும் ஓர் ஆய்வுக் கட்டுரை, படைப்பாக்கம், உடல் சார்ந்த செயல்பாடு, சேவை என மூன்றும் சேர்ந்த வெளிச்செயல்பாடு. அறிவுக் கோட்பாட்டுக்கும் கட்டுரைக்கும் சேர்த்து 3 புள்ளி. மொத்தம் 45. டிப்ளமாவுக்குக் குறைந்தது 24 வேண்டும்.

ஏபி அப்படியில்லை. வேண்டிய பாடத்தை மட்டும் எடுக்கலாம். கால்குலஸும் இயற்பியலும் ஏபி-யில், ஆங்கிலம் சாதாரண வகுப்பில் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கிலும் அறிவியலிலும் வேகமாக ஓடும் பிள்ளைக்கு இது பெரிய சுதந்திரம். ஐபி அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்து எழுத வைக்கும், இன்னொரு மொழி படிக்க வைக்கும், எனக்கு இது தெரியும் என்று எப்படிச் சொல்கிறேன் என யோசிக்க வைக்கும். பதினாறு வயதில் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்து, மேற்கோள் சரியாகக் காட்டி, நீண்ட கட்டுரை எழுதி முடித்தவர்கள் கல்லூரியில் முதல் செமஸ்டர் ஆய்வுக் கட்டுரையைக் கண்டு மிரள்வதில்லை. இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கண்ட பலன் இது. அதனாலேயே ஐபி மேல் எனக்கு மதிப்பு உண்டு.

சிகாகோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகர அரசுப் பள்ளி நிர்வாகம் 1997-ல் வசதி குறைந்த பகுதிகளின் சாதாரண ஹைஸ்கூல்கள் பலவற்றில் ஐபி-யைத் தொடங்கியது. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு அந்த மாணவர்களைப் பின்தொடர்ந்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டது. திட்டத்தில் கடைசி வரை நின்றவர்கள், அவர்களையொத்த மற்ற மாணவர்களைவிட நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம் கொண்டிருந்தார்கள். 'கடைசி வரை நின்றவர்கள்' என்பதைக் கவனியுங்கள். நடுவில் விலகியவர்களும் நிறைய. நின்றவர்களுக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலேயே ஆயத்த வகுப்புகள் இருந்தன. ஒன்றாகப் படிக்கும் குழு இருந்தது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று சொல்லப்போகிறதா, அல்லது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எழுத்துப் பயிற்சி தரப்போகிறதா? இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்கிறீர்கள். ஐபி-யில் 2019 முதல் கணிதம் இரண்டு தடமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று பகுப்பாய்வுத் தடம். சுருக்கமாக ஏஏ என்பார்கள். மற்றது பயன்பாட்டுத் தடம், ஏஐ. செயற்கை நுண்ணறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு எடுத்துவிடும் பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன். பொறியியல், கணினி, இயற்பியல், பொருளாதாரம் என்று போக நினைத்தால் ஏஏ ஹையர் லெவல் வேண்டும். கால்குலஸ், நிரூபண முறைகள், கலப்பெண்கள், வெக்டர் எல்லாம் அதில் ஆழமாக வரும். அதை ஒழுங்காக முடித்த பிள்ளை கணக்கில் பின்தங்கிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். புதிதாக ஐபி தொடங்கும் பள்ளியில் முதல் ஆண்டு மாணவர் எண்ணிக்கை குறைவாக இருக்கும். பத்துப் பேருக்காக ஏஏ ஹையர் லெவலுக்கும் இயற்பியல் ஹையர் லெவலுக்கும் தனி வகுப்பு போடப் பல பள்ளிகள் தயங்கும். "எல்லோரும் ஸ்டாண்டர்ட் லெவல் எடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். அப்படியானால், தயக்கமில்லாமல் சொல்கிறேன், உங்கள் மகள் ஏபி வழியில் போகட்டும். கணவர் சொல்வதே சரி.

முழு டிப்ளமா எடுக்காமல், தனிப் பாடங்களாக மட்டும் ஐபி வகுப்புகளை எடுக்கவும் வழி உண்டு. இதைப் பள்ளிகள் அவ்வளவாக விளம்பரப்படுத்துவதில்லை. ஆங்கிலமும் வரலாறும் ஐபி-யில், கணக்கும் அறிவியலும் ஏபி-யில் என்று கலந்து படிக்க உங்கள் பள்ளி அனுமதிக்குமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். ஏபி-யிலும் செமினார், ரிசர்ச் என்று எழுத்துப் பயிற்சிக்கான இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

கிளாஸ் ரேங்க் பற்றிய பயம் டெக்சஸில் வீண் பயமில்லை. 1997-ல் வந்த சட்டப்படி, வகுப்பின் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு இன்னும் குறைவு. 2026 இலையுதிர் பருவத்திலிருந்து முதல் 5 சதவீதம். ரேங்க் கணக்கிடும்போது எந்த வகுப்புக்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் தானே முடிவு செய்கிறது. ஐபி ஸ்டாண்டர்ட் லெவலுக்கு ஏபி-க்குச் சமமான எடை தருவார்களா? அறிவுக் கோட்பாட்டுக்குக் கூடுதல் எடை உண்டா? இவற்றை வாய்வார்த்தையாகக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். அச்சில், பாடத் தேர்வு வழிகாட்டியில் இருக்க வேண்டும். ஐபி-யின் முதல் ஆண்டான பதினொன்றாம் வகுப்பின் மதிப்பெண்தான் கல்லூரி விண்ணப்பத்தில் கடைசியாகக் காணப்படும் முழு ஆண்டு மதிப்பெண். பள்ளிக்கே பழகாத வகுப்பில், பழகாத மதிப்பீட்டு முறையில் அது அமையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இறுதித் தேர்வுப் புள்ளிகள் ஜூலை மாதம்தான் வரும். அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும். ஆகவே சேர்க்கைக்குப் பயன்படுவது, கடினமான வகுப்புகளை எடுத்திருக்கிறாள் என்ற பதிவும் பள்ளி மதிப்பெண்ணும்தான். புள்ளிகள் கல்லூரி கிரெடிட்டுக்கு, அதாவது கல்லூரியில் ஏற்கெனவே படித்ததாகக் கணக்கில் எடுக்கப்படும் பாட அளவுக்கு, உதவும். டெக்சஸில் 2005-ல் வந்த சட்டம் ஒன்று, ஐபி டிப்ளமா பெற்று, தேர்வுகளில் 4-க்குக் குறையாமல் வாங்கியவருக்கு மாநில அரசுக் கல்லூரிகள் குறைந்தது 24 செமஸ்டர் கிரெடிட் தர வேண்டும் என்கிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டுப் படிப்பு. ஆனால் அந்தக் கிரெடிட்டில் எது அவள் எடுக்கும் பட்டப்படிப்புக்குக் கணக்காகும் என்பது வேறு கேள்வி. பொறியியல் படிப்பவளுக்கு இலக்கியக் கிரெடிட் அதிகம் உதவாது. மற்ற மாநிலங்களிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் ஹையர் லெவலுக்கு மட்டும், அதுவும் 5 அல்லது 6-க்கு மேல் மட்டும் என்று விதிகள் இருப்பது சகஜம்.

இந்தியா திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐபி டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. அந்த வகையில் சாதாரண அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளமாவைவிட இது எளிது. ஆனால் நீட் எழுதி மருத்துவம் படிக்க எண்ணம் இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபி-யின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம் உண்டு. மூன்று எடுக்க முன்கூட்டியே சிறப்பு அனுமதி தேவைப்படும். மருத்துவம் என்ற எண்ணம் வீட்டில் லேசாக இருந்தாலும் இதைப் பத்தாம் வகுப்பிலேயே, பள்ளியில் ஐபி-யைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது டிஸ்ட்ரிக்ட்டைப் பற்றி. ஒரு பள்ளி விண்ணப்பித்தவுடன் ஐபி பள்ளி ஆகிவிடாது. முதலில் கேன்டிடேட் நிலை. ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போக வேண்டும், ஐபி ஓர் ஆலோசகரை நியமிக்கும், கடைசியில் நேரில் வந்து பார்த்துவிட்டு அங்கீகாரம் தருவார்கள். இதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது ஆகும். அங்கீகாரம் வராமல் டிப்ளமா வகுப்பைத் தொடங்க முடியாது. உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது அங்கீகாரம் கையில் இருக்குமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இருந்தாலும் அவள் முதல் பேட்ச். முதல் பேட்ச் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களின் முழுக் கவனமும் கிடைக்கும். அதே நேரம் ஆசிரியர்களே தடுமாறிக் கற்கும் ஆண்டும் அதுதான். கணக்கு, ஆங்கிலம் இரண்டுக்கும் யார் நடத்தப்போகிறார்கள், அவர்கள் பயிற்சி முடித்துவிட்டார்களா, ஐபி தேர்வுத்தாள் திருத்திய அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பணத்தையும் கேளுங்கள். பள்ளி ஆண்டுதோறும் ஐபி-க்குக் கட்டணம் கட்ட வேண்டும். கோஆர்டினேட்டர் சம்பளம், ஆசிரியர் பயிற்சி என்று செலவு தொடரும். தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு நூறு டாலருக்கு மேல். ஆறு பாடம் என்றால் பெருக்கிப் பாருங்கள். அதை டிஸ்ட்ரிக்ட் கட்டுமா, வீடு கட்டுமா? வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கடைசிக் கேள்வியை நீங்களே எழுப்புங்கள். நம் குடும்பங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஆனால் வசதியுள்ள தெருக்களின் பிள்ளைகள் மட்டும் படிக்கும் தனிக் கூடாரமாக ஐபி ஆகிவிட்டால், அடுத்த பட்ஜெட் நெருக்கடியில் அதைக் காப்பாற்ற ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள். பென்சில்வேனியாவின் அப்பர் செயின்ட் கிளேர் டிஸ்ட்ரிக்ட்டில் 2006-ல் போர்டு உறுப்பினர்கள் வாக்களித்து ஐபி-யை நிறுத்தினார்கள். பெற்றோர் நீதிமன்றம் போன பிறகுதான் அது திரும்பி வந்தது. பாதி படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதனால், தொடங்கிய பேட்ச் முடிக்கும் வரை திட்டம் நிறுத்தப்படாது என்ற உறுதியை இப்போதே போர்டிடம் கேட்டு வாங்குவது நல்லது.

குடியுரிமை இல்லாததால் போர்டு தேர்தலில் நீங்கள் வாக்களிக்க முடியாது. பேச முடியும். நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் பற்றி முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும் என்று 2019 முதல் டெக்சஸ் சட்டமே சொல்கிறது. நம் மக்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போவது மிகக் குறைவு. போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்த முறை பெயரைப் பதிவுசெய்து மைக் முன் நில்லுங்கள். அங்கீகாரம் எப்போது, ஏஏ ஹையர் லெவல் உண்டா, ரேங்க் எடை எவ்வளவு, தேர்வுக் கட்டணம் யாருடையது. இந்த நான்கையும் கேட்க மூன்று நிமிடம் போதும். கேட்டதற்கு எழுத்தில் பதில் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மகள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாளா? ஐபி-யில் ஸ்டாண்டர்ட் லெவல் இலக்கியப் பாடத்தை, வகுப்பில் நடத்தப்படாத தாய்மொழியிலும், பள்ளி ஆதரவோடு தானே படித்துத் தேர்வெழுத வழி உண்டு. சிங்கப்பூரில் ஐபி மாணவர்கள் தமிழை எடுக்கிறார்கள். ஆங்கிலம், தமிழ் இரண்டையும் இலக்கிய அளவில் முடித்தால் இருமொழி டிப்ளமா கிடைக்கும். இதற்கு ஒரு நல்ல தமிழாசிரியரும் பள்ளியின் சம்மதமும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே கோஆர்டினேட்டரிடம் இதைப் பேசத் தொடங்கினால்தான் நேரம் இருக்கும். அந்தச் சந்திப்புக்கு மகளையும் அழைத்துப் போங்கள். கட்டுரை எழுதப்போவதும் இரவில் விழித்திருக்கப்போவதும் அவள். அவளுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்பதை உங்கள் கடிதத்தில் எங்கேயும் நான் காணவில்லை. முதலில் அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.